கணக்கும் கழனியும்



கணக்கு என்றவுடன் உங்களுட் பலருக்கு நினைவில் எழுவது வினாத்தாள். ஒரு குழாய் தொட்டியை 6 மணி நேரத்தில் நிரப்பும். மற்றொன்று 8 மணி நேரத்தில் காலி செய்யும். தொட்டி எப்பொழுது நிரம்பும்? இத்தகைய வினாவில் வேண்டிய எண்கள் யாவும் இருக்கும்; வேண்டாத எண் ஒன்றேனும் இராது. விடையும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகியிருக்கும். உலகமோ நமக்கு இவ்வளவு செம்மையாக வினா எழுதித் தருவதில்லை. எதைக் கணக்கிற் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை நாமே முடிவு செய்யவேண்டும். அவ்வாறு முடிவு செய்து, உலகியல் நிகழ்ச்சி ஒன்றைக் கணித வடிவில் அமைத்துக் காண்பதே கணித மாதிரி அமைத்தல். இக்கலையில் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கென நடைபெறும் போட்டியைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்காவிலுள்ள கோமாப் என்னும் கணித அமைப்பு 1985ஆம் ஆண்டு கல்லூரி மாணவர்க்காக இத்தகைய போட்டியைத் தொடங்கியது. பின்னர் 1990களின் இறுதியில் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கும் ஒன்று ஏற்பட்டது. 2015 முதல் பல நாட்டுப் பள்ளிகளும் கலந்துகொள்ளும் அனைத்துலகப் போட்டியும் நடந்து வருகிறது. அதில் நால்வருக்கு மேற்படாத குழுவினர், தொடர்ந்து ஐந்து நாட்கள் ஒரே வினாவை ஆராய்ந்து கட்டுரையாக எழுதித் தரவேண்டும். நூல்களைப் பார்க்கலாம், கணிப்பொறியைப் பயன்படுத்தலாம். குழுவுக்கு வெளியே உள்ளவரிடம் விடை கேட்டல் மட்டும் கூடாது.

நம் நாட்டில் கணித ஒலிம்பியாடு பெரும்புகழ் பெற்றுள்ளது. அனைத்துலக ஒலிம்பியாடில் இந்தியா 1989 முதல் பங்குபெற்று வருகிறது. அங்கே மாணவன் தனியே அமர்ந்து, இரண்டு நாட்களில் ஆறு வினாக்களுக்கு விடை காண்கிறான். அஃது அறிவின் கூர்மைக்கு உரைகல். மாதிரிப் போட்டியோ, அக்கூர்மையோடு உலகத்தை உற்றுநோக்கும் பழக்கத்தையும், பிறரோடு கூடி ஆராயும் பண்பையும் வேண்டி நிற்கிறது.

இதனை விளக்க நாம் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. நாகர்கோவிலிலிருந்து மலைப்பக்கம் போனால் பேச்சிப்பாறை அணை இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் காலத்தில், மிஞ்சின் என்னும் பொறியாளரின் மேற்பார்வையில், 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அணை அது. அதன் முழு நீர்மட்டம் 48 அடி. கொள்ளளவு ஏறத்தாழ 4,350 மில்லியன் கன அடி. நாஞ்சில் நாட்டின் கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகங்களும் கோதையாற்றுப் பாசனத்தையே பெரிதும் நம்பியுள்ளன.

ஒருநாள் அணையின் நீர்மட்டம் 24 அடி என்று செய்தி வருகிறது. நொடிக்கு 500 கன அடி வீதம் திறந்துவிட்டால் நீர் எத்தனை நாளைக்கு வரும்? இதுவே நம் வினா. ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆதலின் நாளொன்றுக்கு 43.2 மில்லியன் கன அடி செலவாகும். புதிய வரத்து இல்லையெனக் கொள்வோம்.

48இல் 24 பாதி. எனவே அணையிலும் பாதி நீர் இருக்கும் என்று ஒருவன் சொல்லலாம். அவன் அணையைச் செங்குத்தான சுவர்களையுடைய பெட்டியாகக் கருதிவிட்டான். அவன் கணக்கின்படி நீர் 50 நாளைக்கு வரும். மற்றொருவன், "மலைகளுக்கிடையே உள்ள பள்ளம் கீழே போகப்போகக் குறுகுமன்றோ?" என்று கேட்டு, ஆப்பு வடிவான நீண்ட பள்ளத்தை எண்ணுகிறான். அவனுக்குப் பாதி உயரத்தில் கால் பங்கு நீரே உண்டு. 25 நாளைக்குத்தான் வரும். மூன்றாமவன் தலைகீழாக நிறுத்திய கூம்பை எண்ணுகிறான். அவனுக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. 12 நாளுக்குச் சற்று மேல்தான் நீர் வரும்.

கூட்டலிலும் பெருக்கலிலும் மூவரும் பிழை செய்யவில்லை. ஆயினும் விடைகள் 50, 25, 12 என வேறுபடுகின்றன. வேற்றுமை முழுவதும் அவரவர் கொண்ட கருதுகோளில் இருக்கிறது. முதலாமவன் சொல்லை நம்பி நாற்று நட்ட கடைமடை உழவன், பயிர் பால்பிடிக்கும் முன்னரே வறண்ட வாய்க்காலைக் காண நேரலாம். ஆராயாமற் கொண்ட ஒரு கருதுகோளின் விலை ஒரு குடும்பத்தின் ஓராண்டு உணவு என்பதை எண்ணிப்பாருங்கள்.

அப்படியாயின் எவன் சொல்வது சரி? அதை வாதத்தால் முடிவு செய்ய இயலாது. எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் என்று அளந்து எழுதிய அட்டவணை பொறியாளரிடம் இருக்கும். அதனோடு ஒப்பிட்டு எந்த வடிவம் பொருந்துகிறதெனக் காணவேண்டும். பிறகு வேறு வினாக்கள் எழும். மடையின் அடிமட்டத்துக்குக் கீழ் நிற்கும் நீர் வயலுக்கு வருமா? நூறாண்டுக்கு மேலாகப் படிந்த வண்டல் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கும்? வெயிலில் ஆவியாவது எவ்வளவு? தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் மாவட்டம் இது. வரத்தே இல்லையெனக் கொண்டது பொருந்துமா? ஒவ்வொரு வினாவுக்கும் மாதிரி சிறிது திருந்தும்.

போட்டியின் நடுவர்கள் நோக்குவதும் இதுவே. விடையாக வந்த எண்ணை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. கருதுகோள்களை வெளிப்படையாகச் சொன்னாயா? அவற்றுக்குக் காரணம் காட்டினாயா? ஓர் எண் சற்று மாறினால் விடை எவ்வளவு மாறும் என்று சோதித்தாயா? உன் மாதிரியின் குறையை நீயே எடுத்துரைத்தாயா? கணிதம் அறியாதாரும் விளங்கிக்கொள்ளும்படி சுருக்கம் எழுதினாயா? இவற்றையெல்லாம் எடைபோடுகிறார்கள்.

நண்பர்களே, இப்பயிற்சியைத் தொடங்க அனைத்துலக அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நால்வராகக் கூடுங்கள். வடசேரிச் சந்தையில் மாலைவரை விற்காமல் தங்கும் காய்கறி, காலையில் உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏற இயலாமல் நிற்கும் மாணவர், கோடையில் வற்றும் குளம் என ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சென்று பாருங்கள், அளவெடுங்கள், மாதிரி அமையுங்கள், பின்னர் மீண்டும் சென்று, நீங்கள் சொன்னபடி நடக்கிறதா என்று பாருங்கள். உலகத்தோடு ஒத்துப்பார்க்கத் துணிந்த கணக்கே உழவனுக்கும் ஊருக்கும் பயன்படும். அத்துணிவு உங்களுக்கு வாய்ப்பதாகுக!