வெற்றிக்குப் பின்னால் நின்றவர்கள்

1977-ஆம் ஆண்டு செப்டம்பரில் கல்கத்தா ஈடன் தோட்டத்தில் மோகன் பகானுக்கு எதிராகப் பெலே ஆடினார். அவருடைய கால்களைப் புகழாதவர் நம்முள் இல்லை. அக்கால்களுள் ஒன்றை 1958-இல் பேணிக் காத்தவர்களைப் பற்றியோ நாம் அதிகம் பேசுவதில்லை.

1950-இல் பிரேசில் தன் சொந்த மரக்கானா அரங்கிலேயே உருகுவேயிடம் தோற்றது. 1954-இல் ஹங்கேரியிடம் தோற்றதோடு, கைகலப்பில் இறங்கி அவப்பெயரும் தேடிக்கொண்டது. ஆட்டத் திறமைக்கு அந்நாட்டில் பஞ்சமில்லை. குறை வேறெங்கோ இருந்தது. எனவே 1958-இல் ஸ்வீடனுக்குப் புறப்பட்ட கோஷ்டியின் பொறுப்பு, சாவோ பாவ்லோ நகரத்துத் தொழிலதிபர் பாவ்லோ மஷாடோ டி கார்வால்யோவிடம் ஒப்படைக்கப்பட்டது. பயிற்சியாளர் ஃபியோலாவுக்குத் துணையாக ஒரு வைத்தியர், ஒரு பல் வைத்தியர், ஒரு தேகப் பயிற்சி ஆசான், உடம்பு பிடித்துவிடுபவர் ஒருவர், போதாக்குறைக்கு ஒரு மனோதத்துவ நிபுணர்! அக்காலத்துக்கு இது பெரும் பரிவாரம்.

வைத்தியர் ஹில்டன் காஸ்லிங் முன்கூட்டியே ஸ்வீடன் சென்று, கோதன்பர்க் அருகே ஹிண்டோஸ் என்னும் அமைதியான ஊரைத் தங்குமிடமாகத் தேர்ந்தெடுத்தார். விடுதியில் பணியாற்றிய பெண்களுக்குப் பதிலாக ஆண்களையே அமர்த்தும்படியும் கேட்டுக்கொண்டார். விசுவாமித்திரர் தவத்துக்கு நேர்ந்த கதியை அவர் கேள்விப்பட்டிருந்தார் போலும்!

ஆட்டக்காரர்களைச் சோதித்தபோது வெளிப்பட்டவை சிரிப்புக்குரியவை அல்ல. குடற்புழு, இரத்தசோகை, சீழ் வைத்த பற்கள். நாடே கொண்டாடிய இளைஞர்களுள் பலர் பல் வைத்தியரையே கண்டறியாத ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். மாரியோ திரிகோ என்னும் பல் வைத்தியர் அவர்களுடைய சொத்தைப் பற்களை நூற்றுக்கணக்கில் பிடுங்கினார். கோப்பைக்கான முயற்சி இங்கேதான் தொடங்கியது என்பது நம் கருத்து.

பதினேழு வயதுப் பெலேயோ, புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன் கொரிந்தியன்ஸ் சங்கத்துடன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டார். ஆயினும் அவரை விட்டுச் செல்லவில்லை. மாரியோ அமெரிகோ என்பவர் கொதிக்கும் நீரில் நனைத்த துண்டுகளை அம்முழங்காலில் ஓயாது சுற்றி ஒத்தடம் கொடுத்துவந்தார். 1950 முதல் 1974 வரை ஏழு உலகக் கோப்பைகளில் பிரேசில் வீரர்களின் உடம்பு பிடித்துவிட்டவர் இவரே. முதல் இரண்டு ஆட்டங்களில் பெலே வெளியே அமர்ந்திருந்தார்.

முழங்கால் தேறியதும் வேறொரு தடை எழுந்தது. மனோதத்துவ நிபுணர் ஜோவாவ் கார்வால்யாயிஸ், ஆட்டக்காரர்களைப் படம் வரையச் செய்தும் வினாக்கள் கேட்டும் ஆராய்ந்தவர். பெலேக்குக் குழந்தைத்தனம் நீங்கவில்லை, போராடும் குணம் போதாது, எனவே ஆடவேண்டாம் என்றார். கரிஞ்சாவும் வேண்டாம் என்றார். சாவோ பாவ்லோவில் பஸ் ஓட்டுநர்களைச் சோதித்துப் பழகிய அனுபவம் அவருடையது. அவரை ஏளனம் செய்வது எளிது. ஆனால் கேட்ட கேள்விக்குத் தம் சாஸ்திரப்படி அவர் விடை சொன்னார், அவ்வளவே. ஃபியோலா அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பின்னர், நிபுணர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், ஆனால் அவர் கால்பந்தாட்டம் அறியாதவர், முழங்கால் குணமாகிவிட்டால் பையன் ஆடுவான் என்று தீர்த்துவிட்டார். வைத்தியர் சொல்லை ஏற்கவும் மனோதத்துவர் சொல்லை ஒதுக்கவும் தெரிந்திருந்ததே அவருடைய தலைமை. ஜூன் 15-ஆம் தேதி சோவியத் யூனியனுக்கு எதிராக இருவரும் களமிறங்கினர். பிரேசில் 2-0 என வென்றது. அவ்விருவரும் சேர்ந்து ஆடிய எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் பிரேசில் தோற்றதேயில்லை.

இத்தனை ஏற்பாட்டிலும் ஒன்றை மறந்துவிட்டனர்: ஆட்டக்காரர்களின் எண்களைக் குறித்தனுப்பவில்லை. வேறு யாரோ இட்ட எண்களின்படி கோல்காவலர் கில்மாருக்கு 3 வாய்த்தது. பெலேக்கு 10 வாய்த்ததும் அப்படித்தான்!

இறுதி ஆட்டத்தில் எதிரியான ஸ்வீடனுக்கும் மஞ்சள் சட்டையே. சீட்டுக் குலுக்கியதில் மஞ்சள் ஸ்வீடனுக்குப் போயிற்று. பணியாளர்கள் ஸ்டாக்ஹோமில் நீலச் சட்டைகள் வாங்கி, பழைய சட்டைகளின் சின்னங்களைப் பிரித்து அவற்றில் தைத்தனர். சகுனம் பார்த்துக் கலங்கிய ஆட்டக்காரர்களிடம், அப்பரெசிடா மாதாவின் மேலங்கி நிறம் நீலமே என்று சொல்லித் தைரியமூட்டினார் கார்வால்யோ.

ஜூன் 29-ஆம் தேதி பிரேசில் 5-2 என்று வென்றது. ஊதல் ஒலித்ததும் நடுவரிடமிருந்த பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு, உடைமாற்றும் அறையை நோக்கி ஓடினார் ஒருவர். அவர் ஆட்டக்காரர் அல்லர். துண்டு சுற்றிய மாரியோ அமெரிகோ.