கடைக்கு இரண்டு பூட்டு; வீட்டுக்கு?

 

இரவு பத்து மணிக்குக் கடையை அடைக்கிறீர்கள். ஷட்டரை இறக்கி, இரண்டு பூட்டுப் போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். அங்கே மகன் ஒரு மூலையில், மகள் ஒரு மூலையில். கையில் செல்போன். யாரோடு பேசுகிறார்கள்? தெரியாது. உங்கள் வீட்டுப் படங்களை யார் யார் பார்க்கிறார்கள்? அதுவும் தெரியாது.

ஒவ்வொருவரும் பொறுப்பாளர், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை புகாரி, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். ‘வியாபாரத்தில் நேரமில்லை’ என்ற பதில் அந்த விசாரணையில் எடுபடுமா?

இதைக் கேட்டதும் சில தகப்பன்மார்களுக்கு வேகம் வந்துவிடுகிறது. மகன் தூங்கியதும் அவன் விரலை எடுத்து வைத்து செல்போனைத் திறந்து பார்க்கிறார்கள். இதுவும் மார்க்கம் காட்டிய வழியல்ல!

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை அல்லாஹ் தடுத்திருக்கிறான் (49:12). துவாரம் வழியாகத் தம் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவரை நபியவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்கும் சட்டமே பார்வைக்காகத்தான் என்றும் விளக்கினார்கள் (புகாரி). சிறு பிள்ளைகளும் ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வின்போது, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று நேரங்களில் அனுமதி பெற வேண்டும். பருவமடைந்தால் எப்போதும் பெற வேண்டும் (24:58,59). ஆக, வீட்டுக்குள்ளும் அந்தரங்கம் உண்டு. வயது ஏற ஏற அது கூடுகிறது.

அப்படியானால் கண்காணிப்பது எப்படி?

வணிகப் பெருமக்களே! கடைக் கணக்கில் சந்தேகம் வந்தால் பங்காளியை எதிரில் உட்காரவைத்துத்தான் பேரேட்டை விரிப்பீர்கள். பிள்ளையிடமும் அப்படியே நடந்துகொள்ளுங்கள். செல்போன் கொடுக்கும் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இரவில் எல்லோருடைய செல்போனும் கூடத்தில் இருக்க வேண்டும், உங்களுடையதும்தான். 13 வயதுக்கு முன் இன்ஸ்டாகிராம் கணக்கு வேண்டாம். அந்நிறுவனத்தின் விதியும் அதுதான். 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இன்னொரு வாக்கு, நீங்கள் கொடுக்க வேண்டியது: ‘எது நடந்தாலும் என்னிடம் சொல். அடிக்க மாட்டேன்.’ படத்தைக் காட்டி மிரட்டுகிறவனின் பலம் எதில் இருக்கிறது? ‘அத்தாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்’ என்ற பிள்ளையின் பயத்தில்தான் இருக்கிறது. அந்தப் பயத்தை நீக்கினால் அவன் கை ஒடிந்துவிடும்.

நம் கையும் சுத்தமா?

பிள்ளையைக் கண்டிக்கும் நாமே மகளின் படத்தை, பள்ளிக்கூடத்தின் பெயரோடு ஸ்டேட்டஸில் போடுகிறோம். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பகுதியில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றுகிறது. 2021 ஜூலையில் ‘சுல்லி டீல்ஸ்’, 2022 ஜனவரியில் ‘புல்லி பாய்’ என்ற பெயர்களில் நம் பெண்களின் படங்களை இணையத்திலிருந்து திருடி ‘ஏலம்’ போட்ட கொடுமையை மறந்துவிட்டோமா? குற்றவாளிகள் திருடியவர்களே, அந்தச் சகோதரிகள் அல்லர். அவர்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள். சம்பந்தப்பட்டவர்கள் கைதானார்கள். ஆனால் நம்மிடம் ஒரு கேள்வி: மகளின் படத்தைப் போடுமுன் மகளிடம் அனுமதி கேட்டோமா?

இளைஞர்களே! தங்கையின் படம், வீட்டுச் சண்டை, உம்மாவின் நோய் இவையெல்லாம் உங்களிடம் உள்ள அமானிதம். நண்பர்கள் குழுவில் பரப்பாதீர்கள். யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஆதாரத்தை அழிக்காதீர்கள், வீட்டில் சொல்லுங்கள், 1930 எண்ணில் புகார் செய்யுங்கள். ஜமாஅத் நிர்வாகிகளே, அப்படி ஒரு பிரச்சினை உங்களிடம் வந்தால் ஊர்க்கூட்டத்தில் வைத்து விசாரிக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளையின் மானம் இரண்டாம் முறை ஏலம் போகக் கூடாது.

இன்றிரவு கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் உங்கள் செல்போனைத் திறந்து காட்டுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.

நம் இல்லங்களை வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன்.