பழைய ஹெரால்டும் புது எஞ்சினும்

(திருநகரில் நடந்த பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“அண்ணே, தாத்தாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஷெட்ல நிக்குது. புது எஞ்சின் மாட்டி ஸ்போர்ட்ஸ் காரா ஆக்கி வித்தா லாபம்தானே?” என்று ஒரு தம்பி கேட்டார்.

ஆசை நியாயமானதே. 1961 முதல் சென்னையில் தயாரான ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு. அந்த சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள்.

ஆனால் கணக்குப் பாருங்கள். 2021 விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டியை ‘விண்டேஜ்’ எனப் பதிய வேண்டுமானால் சேஸிஸ், பாடி, எஞ்சின் அசலாக இருக்க வேண்டும். புதுப் பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டு செல்லும். எஞ்சினை மாத்தினா அந்தத் தகுதி போச்சு!

அமெரிக்காவில் சிங்கர் நிறுவனம் மாற்றியமைக்கும் போர்ஷே 911 கோடிக்கணக்கில் விலைபோகிறது. அது பட்டறையின் பேருக்குக் கிடைக்கும் விலை. நம்ம ஷெட் வேலைக்கு அது வராது. நமக்கு மதிப்பு அசலில்தான்.

விண்டேஜ் வண்டியைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. செலவும் நிற்காது. எனவே லாபத்தை மட்டும் நம்பி இறங்காதீர்கள். முதலில் ஆர்.சி. புத்தகத்தோடு எஞ்சின், சேஸிஸ் நம்பர்களை ஒப்பிடுங்கள். கழற்றிய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.