ஆறாம் வாரத்தில் தொடங்கும் மருந்து



குழந்தைக்குச் சளி பிடிக்காத வீடு இல்லை. துளசிச் சாறு கொடுப்பார்கள். நெஞ்சில் தைலம் தடவுவார்கள். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். ஆனால் சில குழந்தைகளை அப்படி விட்டுவிட முடியாது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள் அவர்கள். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

எச்.ஐ.வி. ஒரு கிருமி. நம் நாட்டில் இது இருப்பது 1986-ஆம் ஆண்டு சென்னையில் எடுத்த ரத்தத்தில் முதலில் தெரியவந்தது. நம் உடம்பில் நோயை எதிர்க்கும் சக்தி ஒன்று உண்டு. அது வீட்டுக் காவல் போல. எச்.ஐ.வி. அந்தக் காவலைத்தான் அழிக்கிறது. காவல் போன வீட்டில் சின்னத் திருடனும் நுழைவான்.

தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் கட்டாயம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. மருந்தே சாப்பிடாத தாய்மார்களுக்கு 100 குழந்தைகள் பிறந்தால், 15 முதல் 45 குழந்தைகளுக்கு இது வரும். தாய் தினமும் மருந்து சாப்பிட்டு, குழந்தைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் 5 பேருக்கும் குறைவாகவே வரும். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் வாழ்நாள் முழுவதும் இந்த மருந்தைக் கொடுக்கும் முறை 2014-இல் நம் நாட்டில் தொடங்கியது. ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

சரி, குழந்தைக்கு வந்திருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? இங்கேதான் ஒரு சிக்கல். பெரியவர்களுக்குச் செய்யும் சாதாரண ரத்தச் சோதனை குழந்தைக்கு உதவாது. தாயின் ரத்தத்தில் உள்ள சில பொருட்கள் பிள்ளைக்கும் போய்விடும். அவை 18 மாதம் வரைகூட இருக்கலாம். அதனால் நோய் இல்லாத குழந்தைக்கும் 'இருக்கிறது' என்று காட்டிவிடும். ஆகவே ஆறாவது வாரத்தில் வேறு சோதனை செய்கிறார்கள். குதிகாலில் லேசாகக் குத்தி, சில சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் எடுத்துக் காயவைத்து அனுப்புவார்கள். முடிவு வரச் சில நாட்கள் ஆகும். சில இடங்களில் வாரக்கணக்கிலும் ஆகும்.

நோய் அதுவரை காத்திருக்காது. நிமோசிஸ்டிஸ் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. காளான் வகையைச் சேர்ந்தது. நம் எல்லோர் மூச்சிலும் அது போய் வருகிறது. நமக்கு ஒன்றும் செய்யாது. காவல் குறைந்த குழந்தையின் நுரையீரலில் புகுந்தால் கடுமையான நிமோனியா வரும். அது அதிகம் வருவது 3 முதல் 6 மாதக் குழந்தைகளுக்கு. அதாவது, இந்தக் குழந்தைக்கு எச்.ஐ.வி. உண்டு என்று வீட்டில் யாருக்கும் தெரியாத வயதில்.

அதனால்தான் ஆறாவது வாரத்திலேயே கோட்ரைமாக்சசோல் என்ற மருந்தைத் தொடங்குகிறார்கள். சோதனை முடிவு வரும் முன்பே தொடங்குகிறார்கள். தினம் ஒரு வேளை. எடைக்கு ஏற்ற அளவை நர்சம்மா காட்டித் தருவார். மலிவான, பழைய மருந்துதான். ஆனால் இந்த நிமோனியாவைத் தடுக்கிறது. வேறு சில கிருமிகளையும் தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் ஸாம்பியா நாட்டில் எச்.ஐ.வி. உள்ள குழந்தைகளுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவு 43 சதவீதம் குறைந்தது. 2004-இல் அந்த முடிவு வெளிவந்தது. குழந்தையின் உடம்பில் தடிப்பு வந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நன்றாக இருக்கும்போது கொடுக்கும் மருந்துதான் இது.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு நாலு மாதம். பால் குடிக்கத் திணறுகிறது. மூச்சு வேகமாக ஓடுகிறது. உடம்பு சுடவில்லை.

"காய்ச்சலே இல்லையேம்மா, மாந்தமா இருக்கும். காலையில மந்திரிச்சுட்டு வரலாம்" என்கிறார் மாமியார்.

"வேண்டாம் அத்தை, ஆஸ்பத்திரிக்கே போயிடலாம்" என்கிறாள் மருமகள். ஏன் என்று அவளால் சொல்ல முடியவில்லை. தனக்கு எச்.ஐ.வி. என்பது அவளுக்கும் கணவனுக்கும் மட்டுமே தெரியும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேள்வி கேட்கும்போது அத்தை பக்கத்திலேயே நிற்கிறார். அவள் வாய் திறக்கவில்லை. டாக்டர் சாதாரண நிமோனியாவுக்கு மருந்து கொடுக்கிறார். விஷயம் தெரிந்திருந்தால் கோட்ரைமாக்சசோலை அதிக அளவில் உடனே தொடங்கியிருப்பார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லிப் பயன் இல்லை. சொன்னால் வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. கணவனாவது சொல்லியிருக்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வழி உண்டு. ஏ.ஆர்.டி. மையத்தில் கொடுத்த அட்டையை நர்சிடம் நீட்டினால் போதும். "டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்கலாம். 2017-இல் இதற்கென்றே சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. எச்.ஐ.வி. என்பதற்காகச் சிகிச்சை தர மறுக்கக் கூடாது. சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லவும் கூடாது. சந்தேகம் கேட்க 1097 என்ற எண் உண்டு. கட்டணம் இல்லை.

மூச்சை எண்ணுவது எழுதப் படிக்கக் கற்ற எவருக்கும் எளிது. குழந்தை அழாமல், பால் குடிக்காமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிடுங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டாம், குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் என்றால் 60-ம் அதற்கு மேலும் ஆபத்து. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயது வரை 40. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அந்தக் குழந்தைக்கு ஆக்சிஜன் வேண்டும். காய்ச்சல் இல்லை என்று ஏமாந்துவிடாதீர்கள். இந்த நிமோனியாவில் காய்ச்சல் குறைவாகவே இருக்கலாம்.

தடுப்பூசியையும் தவற விடக் கூடாது. நிமோனியாவைத் தடுக்கும் பி.சி.வி. ஊசி 6-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம் என மூன்று முறை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதாக முடிவு செய்தால் வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. சேனை, உரைமருந்து, சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம். டாக்டர் தரும் மருந்து மட்டும் விலக்கு. தாய் தன் மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது.

ஆறாவது வாரச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் அத்துடன் முடியாது. ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் என்று மறுபடி சோதனை உண்டு. பால் குடிக்கும் வரை தொற்று வர வாய்ப்பு இருக்கிறது. பால் நிறுத்தி, 18 மாதமும் முடிந்த பிறகே கடைசிச் சோதனை. மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.