தேநீர்க் கடைக்கு முன்னே மதுக்கடை



கொரோனா அடைப்பின்போது தமிழக சர்க்கார் போட்ட 2020-ஆம் ஆண்டு மே மாதத்து உத்தரவுகளைத் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கிற எவருக்கும் ரத்தம் கொதிக்காமல் இராது. மே 7-இல், சென்னை நீங்கலாக, மதுக்கடைகள் திறந்தன. பார்சல் மட்டும் என்ற நிபந்தனையோடு தேநீர்க் கடை திறக்க மே 11 ஆயிற்று. கிராமத்து முடிதிருத்தும் தொழிலாளி கத்தரிக்கோலைக் கையில் எடுக்க மே 19 ஆயிற்று. நகரத்துத் தொழிலாளிக்கோ அன்றும் விடியவில்லை.

நோய் மெய், மரணம் மெய், மூடவேண்டியதை மூடத்தான் வேண்டும் என்பதில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. ஆனால் எந்த இடத்தில் ஜனங்கள் நெருங்குகிறார்கள், காற்றோட்டம் உண்டா, எத்தனை நேரம் அடைந்து கிடக்கிறார்கள் என்று விசாரித்து மூடுவதல்லவா விவேகம்? ‘எல்லாவற்றையும் பூட்டு’ என்னும் மேதாவிகளோ, பூட்டைக் கண்டதும் கிருமி ஊர் திரும்பிவிடும் என்கிறார்கள்!

திரும்பியதா? சென்னையில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு அடைப்பென்று 24-ஆம் தேதி அறிவித்தார்கள். மறுநாள் ஊரே கடைத்தெருவில் நெருக்கியடித்தது. மே 5-இல் கோயம்பேடு மொத்தச் சந்தையை மூடுவதற்குள், அங்கே மூட்டை தூக்கிப் பிழைத்த ஏழைகளோடு நோயும் கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்களே, அந்தப் புத்தி ஒரு மாதம் முன்னே வந்திருக்கக் கூடாதா?

எங்கள் தெருவில் முடிதிருத்தும் நண்பர் ஒருவர், கடை வாடகைக்காக மனைவியின் தோட்டை அடகு வைத்தார். நெருங்கி நின்று செய்கிற தொழில்தான். அதற்கு விதி போடுங்கள், முகக்கவசம் கட்டச் சொல்லுங்கள், ஒருவர் போனபின் ஒருவர் வரட்டும். அத்தனை நாளும் தொலைக்காட்சியில் தோன்றி அடைப்பின் மகிமையை உபதேசித்த பெரிய மனிதர்களின் கிராப்பு மட்டும் கலையாமல் இருந்ததே, அது எப்படி ஐயா? பூட்டு ஏழையின் கடைக்கு. தொழிலாளி உங்கள் வீட்டு வராந்தாவுக்கோ?

மதுக்கடைக் கூட்டத்தில் இடைவெளி காற்றில் பறந்ததால் மே 8-இல் உயர் நீதிமன்றம் கடைகளை மூடச் சொன்னது. சர்க்கார் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடையுத்தரவு வாங்கி, 16-ஆம் தேதி மறுபடியும் திறந்தது. தேநீர்க் கடைக்காரனுக்காக, முடிதிருத்தும் தொழிலாளிக்காக, எந்த நீதிமன்றத்தின் படியை இவர்கள் மிதித்தார்கள்? மதுக்கடைக்கு வக்கீல், நமக்கு லத்தி! சாத்தான்குளத்தில், நேரங்கடந்து கடை திறந்திருந்தார்கள் என்று போலீஸார் பிடித்துப் போன தகப்பனும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லையே! அந்த ஜூன் மாதத்தை மறக்கச் சொல்கிறவன் மனிதனா?

இனியொரு தொற்று வருமானால், கடைகளைப் பற்றி உத்தரவு எழுதுகிற மேஜையில் மருத்துவரோடு தேநீர்க் கடைக்காரரும் முடிதிருத்தும் தொழிலாளியும் உட்கார வேண்டும். அவர்களுக்கு முன்பாக மதுக்கடை ஒன்று திறக்குமானால், அன்று காலையிலேயே நாம் கோட்டை வாசலில் நிற்போம்.