பின்னத்தின் கீழே காணாமற்போன பிள்ளைகள்

மேல்நிலைத் தேர்வு முடிவு வந்ததும் அச்சேறும் மாவட்டத் தரவரிசையும், அதையொட்டித் தெருவுக்குத் தெரு எழும் பள்ளி விளம்பரப் பதாகைகளும் கல்வியின் தரத்தை அளப்பவை அல்ல; எந்தப் பிள்ளை உள்ளே சேர்க்கப்பட்டது, எந்தப் பிள்ளை வெளியே அனுப்பப்பட்டது என்பதையே அவை பெரிதும் காட்டுகின்றன.

2024ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் வகுப்பு முடிவில் 97.45 விழுக்காட்டுடன் திருப்பூர் முதலிடம் என்றும், 97.42 விழுக்காட்டுடன் ஈரோடும் சிவகங்கையும் அடுத்த இடம் என்றும் அறிவிக்கப்பட்டன. இடைவெளி 0.03, அதாவது 10,000 பேருக்கு 3 பேர். ஏதோ ஒரு தாளில் இரண்டு மதிப்பெண் குறைந்துபோன மூன்று பிள்ளைகளை வைத்து ஒரு மாவட்டத்தின் கல்வி மற்றொன்றைவிட மேலானது என்று தீர்ப்பெழுதுவதை எந்தக் கணக்காசிரியராலும் ஏற்க முடியாது.

அதைவிடப் பெரிய பிழை பின்னத்தின் கீழே இருக்கிறது. தேர்ச்சி விழுக்காடு என்பது தேறியவர்களின் எண்ணிக்கையைத் தேர்வு எழுதியவர்களின் எண்ணிக்கையால் வகுத்து வருவது; படிக்கச் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கு அதில் இடமே இல்லை. 2023இல் 8,03,385 பேர் எழுதி 7,55,451 பேர் தேறினர், தேர்ச்சி 94.03 விழுக்காடு என்று பெருமையோடு சொல்லப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில், முதல் தேர்வான மொழித்தாள் நாளன்று, ஏறத்தாழ 50,000 பேர் தேர்வறைக்கு வரவேயில்லை. தேர்வையே எழுதாமல் போன பிள்ளைக்கு அந்த 94.03இல் ஒரு புள்ளி இடமும் கிடையாது.

மாநிலக் கணக்கில் தானாக நேர்வதைச் சில பள்ளிகள் திட்டமிட்டே செய்கின்றன. ஒன்பதாம் வகுப்பு முடிவில் ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்று குறிக்கப்பட்ட பிள்ளையின் தாய் அழைக்கப்படுகிறார். மதிப்பெண் பட்டியலில் சிவப்பு மையால் சுழித்த இரண்டு பாடங்கள் அவர்முன் விரித்து வைக்கப்படுகின்றன. மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது என்றோ, பிள்ளை தனித்தேர்வராக எழுதட்டும் என்றோ தணிந்த குரலில் சொல்லப்படுகிறது. ஜூன் மாதத்தில் அந்தப் பிள்ளையை மறுக்காமல் சேர்த்துக்கொள்வது பக்கத்து ஊர் அரசுப் பள்ளிதான். அனுப்பிய பள்ளியின் வாசலில் ‘நூறு விழுக்காடு தேர்ச்சி’ என்ற பதாகை ஏறும்போது, சேர்த்துக்கொண்ட பள்ளியின் தலைமையாசிரியர் தேர்ச்சி குறைந்ததற்கு ஆய்வுக் கூட்டத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கிறார். இது அநீதி. இதற்கு மென்மையான வேறு பெயர் தேட வேண்டியதில்லை.

ஓர் எண்ணைக் கொண்டே எல்லாவற்றையும் தீர்மானிக்கத் தொடங்கினால், அந்த எண்ணே ஊழலுக்கு உள்ளாகி, அது அளக்க வந்த பணியையும் சிதைக்கும் என்று அமெரிக்கச் சமூக அறிவியலாளர் டொனால்ட் கேம்ப்பெல் 1970களிலேயே எச்சரித்தார். தமிழ்நாட்டில் அது கண்கூடாக நடந்தது: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஈராண்டு உருவேற்றும் வழக்கம் பரவியதால்தான் 2017–18இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது. மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று மாணவர் பெயரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017 மே மாதத்தில் கைவிட்டது பாராட்டுக்குரியது. ஆயினும் மாணவரை விட்ட வரிசை மாவட்டத்தைப் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் பள்ளியை எதைக் கொண்டு தேர்வது என்று பெற்றோர் கேட்பது நியாயமே. 1992இல் பள்ளிப் பட்டியல்களை வெளியிடத் தொடங்கிய இங்கிலாந்து, பிள்ளை எந்த நிலையில் வந்து சேர்ந்தது, அங்கிருந்து எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கும் ‘மதிப்புக்கூட்டு’ அளவுக்குப் பின்னர் நகர்ந்தது. அண்டை நாடான வேல்ஸ் 2001இல் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்தியது. தமிழ்நாட்டுக்கு அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு பள்ளியும் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளை வைத்திருந்தது, அவர்களில் எத்தனை பேர் மாற்றுச் சான்றிதழ் பெற்று வெளியேறினர், எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை அங்கேயே எழுதினர் என்ற மூன்று எண்களும் தேர்ச்சி விழுக்காட்டின் பக்கத்திலேயே அச்சாக வேண்டும். மாணவருக்கு ஓர் அடையாள எண் கொடுத்துச் சேர்க்கையையும் மாற்றத்தையும் பதியும் ‘எமிஸ்’ தளம் கல்வித்துறையின் கையிலேயே இருக்கிறது. அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர்களும் அதில்தான் இருக்கின்றன.