நோயாளர் வாசகர் வட்டம்



சிறுநீரக நோயாளர் பலர் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 4 மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தின் அருகே கிடக்கின்றனர். உடலுக்குச் சிகிச்சை கிடைக்கிறது. மனத்துக்கு என்ன கிடைக்கிறது? கடுகண்ணாவையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து செல்வோருக்குப் பேச்சுத்துணையும் அரிது.

1931ஆம் ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். நூலகப் பேரறிஞர் அரங்கநாதன் அவர்கள் தமது ஐந்து விதிகளை வெளியிட்டதும் அவ்வாண்டே. வாசகன் வர இயலாவிடின் நூல் அவனிடம் செல்ல வேண்டும். நோயாளியைவிட வர இயலாதவர் யார்?

எழுத்தறியாதார் என்ன செய்வார் எனச் சிலர் கேட்கலாம். நம் ஆலயங்களிலே புராணபடனத்தில் ஒருவர் படிக்க, ஒருவர் பயன் சொல்ல, எல்லாரும் கேட்பதில்லையா? அம்முறையே போதும். ஆனால் ஆஸ்பத்திரி ஆலயமன்று. சமயம் போதிக்கச் செல்லலாகாது. கேட்பவர் விரும்பும் கதையையே வாசிப்போம். சிங்கள நோயாளருக்குச் சிங்கள நூலும் கொண்டு செல்வோம். வைத்தியரின் அனுமதி, கைச்சுத்தம், தாழ்ந்த குரல் மூன்றும் கட்டாயம். நமக்குத் தடிமன் கண்டால் அன்று போகக்கூடாது.

தொடங்குவது எளிது, நான்காம் வாரமும் போவதே அரிது. பாதிக் கதையில் விட்டு வந்தால் நோயாளி நம்மை எதிர்பார்த்திருப்பார். ஆகையால் பெயர் கொடுக்கும் நாற்பது பேரிலும், தவறாது செல்லும் நால்வரே மேல். பெரியோர்களே, நூல் தாருங்கள்! வாலிபர்களே, வாரம் ஒரு மணி நேரம் தாருங்கள்!